வலது பக்கம் பாருங்க, சுவாமிமலை தெரியும்

"மழை பெஞ்சா டூர் உண்டாங்க?" என்று போனில் கேட்டேன்.

"டூர் உண்டு மேடம். ரீஃபண்டுதான் கிடையாது."

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், ஆரஞ்சு அலர்ட், பள்ளிக்கூடங்களுக்கு லீவு என்று வெள்ளிக்கிழமை ராத்திரியே டிவியில் ஓட ஆரம்பித்துவிட்டது. லீவு என்றதும் பையன் குதித்தான். கட்டின பணம் போய்விடுமே என்று அத்தை குதித்தார். ஆகவே சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் காட்பாடி ஜங்ஷன் எதிரே ஆளுக்கொரு குடையோடு நின்றோம்.

வேலூர்க் கோட்டை, ஸ்ரீபுரம் தங்கக் கோயில், ஆம்பூரில் பிரியாணி, பிறகு ஏலகிரி மலை. இதுதான் திட்டம். "கைடுடன் கூடிய ஏசி சொகுசுப் பேருந்து" என்று நோட்டீஸில் போட்டிருந்தது. உள்ளூர்க்காரனுக்கு எதுக்கு கைடு என்றார் என் வீட்டுக்காரர். கோட்டைக்குள்ளே கடைசியா எப்பப் போனீங்க என்று கேட்டேன். காலேஜ் படிக்கும்போது என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கைடு அண்ணன் நல்ல மனுஷர். பல வருஷமாக ஒரே உரையை மனப்பாடமாகச் சொல்லி வருகிறவர். சிக்கல் என்னவென்றால், அந்த உரை வெயில் காலத்துக்காகத் தயாரிக்கப்பட்டது. பஸ் விருதம்பட்டு தாண்டிப் பாலத்தில் ஏறியதும் மைக்கைத் தட்டினார்.

"நம்ம வேலூருக்கு நாலு விசேஷம் சொல்லுவாங்க. தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை. இப்ப நாம தாண்டுறதுதான் அந்தத் தண்ணி இல்லாத பாலாறு!"

கீழே செம்மண் கலரில் ஆறு புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மழையிலும் பாலத்தின் ஓரம் முழுக்க ஜனம், கையில் செல்போன். பாலாற்றில் தண்ணி வந்தால் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி குடும்பத்தோடு கிளம்பிப் போய்ப் பார்ப்பார்கள்.

"அண்ணே, தண்ணி ஓடுதே" என்றான் என் பையன்.

"அது எப்பவாச்சும் ஓடும் தம்பி. அதையெல்லாம் கணக்குல சேர்க்கக் கூடாது."

கோட்டை அகழி தளும்பி நின்றது. வாசல் வளைவுக்குக் கீழே எங்களை ஒண்ட வைத்துவிட்டு அண்ணன் சிப்பாய்ப் புரட்சிக்குள் இறங்கினார். அதை மட்டும் மனுஷர் உண்மையிலேயே உருகிச் சொன்னார். 1857 எல்லாம் அப்புறம்தான், 1806 ஜூலை 10 விடியற்காலையிலேயே இங்கே ஆரம்பிச்சாச்சு. நெத்தியில விபூதி நாமம் கூடாது, தாடியை எடு, தலைப்பாகைக்குப் பதிலா தோல் வெச்ச இந்தத் தொப்பியைப் போடுன்னு வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான், எவன் தாங்குவான் என்று கேட்டுவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் அத்தனை பேரும் தலையில் கேரி பேக் மாட்டிக்கொண்டு நின்றிருந்தோம். அத்தை தலையில் மஞ்சள் கலர் ஜவுளிக்கடைப் பை, காதுக்கு மேலே கைப்பிடி இரண்டும் கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு. அண்ணன் ஒரு நொடி திணறி, திப்பு மகாலுக்குத் தாவிவிட்டார்.

கோட்டைக்குள்ளேயே இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கணுக்கால் அளவு தண்ணி. கனமழை பிடித்தால் அங்கே அப்படித்தான், 2021 நவம்பரிலும் பார்த்தோம். சாமி இல்லாத கோயில் என்ற பேச்சும் பழசாகிவிட்டது. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தாயிற்று. இதையும் அண்ணன்தான் சொன்னார், பாலத்து மேலே தான் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத முகத்தோடு.

ஸ்ரீபுரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனை வெளியே கொடுத்துவிட்டதால் படமும் இல்லை. நட்சத்திர வடிவப் பாதையில் நடந்தோம், 1500 கிலோ தங்கம் நனைவதைப் பார்த்தோம், கூட்டமே இல்லாததால் சாமியை நிதானமாகக் கும்பிட்டோம். மழைக்கு அந்த ஒரு நன்றி.

ஹைவேயில் ஏறியதும் பஸ் ஒழுக ஆரம்பித்தது. அத்தை தலைக்கு மேலே இருந்த ஏசி ஓட்டையிலிருந்து முதலில் ஒரு சொட்டு, அப்புறம் நூல் பிடித்த மாதிரி. மடியில் திறந்திருந்த புளிசாத டப்பாவின் நட்டநடுவில், வறுத்த வேர்க்கடலை மேலேயே குறி பார்த்து விழுந்தது. "இன்னாப்பா இது?" என்று சத்தம் போட்டார்.

"அது ஏசி தண்ணிம்மா" என்றார் கிளீனர்.

"ஏசியே ஓடலையேப்பா!"

அதற்குக் கிளீனரிடம் பதில் இல்லை. அத்தை குடையை விரித்தார். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றபோது, பக்கத்து வரிசைக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "ஏசி சொகுசுப் பேருந்து" என்ற எழுத்தைப் படித்தார். பிறகு உள்ளே குடை பிடித்தபடி புளிசாதம் சாப்பிடும் அத்தையைப் பார்த்தார். மழை உள்ளே அடிப்பதையும் மறந்து செல்போனைத் தேடினார். இந்நேரம் அது ஏதாவது குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆம்பூர் பிரியாணி மட்டும் எந்த வானிலைக்கும் அசையவில்லை. சூடான சீரகச் சம்பா, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு, வெளியே கொட்டுகிற மழை. கத்தரிக்காயைக் காட்டி, நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023லயே புவிசார் குறியீடு கொடுத்தாச்சு என்று அண்ணன் ஆரம்பித்தார். இது அந்தக் கத்தரியா என்று கேட்டேன். "கத்தரி கத்தரிதாம்மா" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

ஏலகிரிக்கு இனிமேல்தான் வருகிறேன். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர்: முதலில் பாவேந்தர், பாரதியார், வள்ளுவர் என்று புலவர்கள், அதற்கு மேலே கடையெழு வள்ளல்கள். அடிவாரத்திலேயே மேகம் இறங்கிவிட்டது. வைப்பர் துடைக்கத் துடைக்க வெள்ளை, துடைத்தாலும் வெள்ளை. பெயர்ப்பலகை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணன் வண்டி திரும்புவதை வைத்தே எண்ணிக்கொண்டு, "இது கம்பர்... இப்ப கபிலர்... பாட்டி, உங்க பக்கம் ஔவையார்" என்று மைக்கில் அறிவித்தார்.

டிரைவர் பொறுத்துப் பார்த்தார். "இன்னா சார், எனக்கு ரோடே தெரியல, கம்பரு கபிலருன்றீங்க. செத்த கம்முனு இருங்க."

காரிக்கும் ஓரிக்கும் நடுவில் மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி முட்டிக்கொண்டு நின்றது. ரெண்டு பேரும் பின்வாங்க மாட்டேன் என்கிறார்கள். "சங்க காலத்துலயே இவங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுங்க, காரிதான் ஓரியைக் கொன்னான்" என்று மைக்கில் மெதுவாக வந்தது. பஸ்ஸே சிரித்ததில் டிரைவரும் இளகி ரிவர்ஸ் எடுத்தார்.

நான் சேர்த்து எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்: அதியமான் வளைவில் பின் சீட்டுப் பாட்டிக்குக் குமட்டல். எதிர் வரிசைக்காரர் பையைத் துழாவி நீட்டியது உலர்ந்த நெல்லிக்காய். அண்ணன் மைக்கைத் தூக்கினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அண்ணன் கீழே வைத்துவிட்டார்.

கடைசி வளைவு பேகன். மயில் நடுங்குதேன்னு போர்வையைக் கழற்றிக் கொடுத்தவன். நாங்கள் ஒழுகுகிற பஸ்ஸில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தோம், ஒரு துண்டு கொடுக்க நாதியில்லை.

மேலே புங்கனூர் ஏரியில் படகு நிறுத்திவிட்டார்கள். ஏரியையும் நிறுத்திவிட்டார்களோ என்று சந்தேகம், ஏனென்றால் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. "வலது பக்கம் பாருங்க, ஏலகிரியிலேயே உசரமான சுவாமிமலை!" பார்த்தோம். வெள்ளை. "இடது பக்கம் பாருங்க..." அதுவும் வெள்ளை. வீட்டுக்காரர் அந்த வெள்ளைக்கு முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுத்து, "ஏலகிரி, பின்னணியில் சுவாமிமலை" என்று ஸ்டேட்டஸ் போட்டார். அஞ்சு நிமிஷத்தில் குடியாத்தத்திலிருந்து அவர் அக்கா கேட்டார்: "பாஸ்போர்ட் எடுக்கப் போறீங்களா? எந்த ஸ்டூடியோ?"

மிளகாய் பஜ்ஜி, இஞ்சி டீ. அதுதான் ஏலகிரி.

இறங்கும்போது அண்ணனுக்கு மறுபடி குரல் திறந்துகொண்டது. "அடுத்த டூர் ஜவ்வாது மலைங்க. காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப், 1986லேர்ந்து இருக்குது. சனிக்கிழமை சனிக்கிழமை பொதுமக்களுக்குக் காட்டுவாங்க."

அத்தை குடைக்கு அடியிலிருந்து கேட்டார். "அன்னிக்கும் மழை வந்தா?"

"மழை வந்தாலும் டெலஸ்கோப்பைப் பார்க்கலாம்மா. வானத்தைத்தான் பார்க்க முடியாது."

அத்தை ரெண்டு சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். ஜன்னல் ஓரமா, ஏசி ஓட்டை இல்லாத பக்கமா வேணும்னு சொல்லியிருக்கிறார். இன்னொரு சீட்டு யாருக்கு என்று வீட்டுக்காரரும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.