நமக்கு நாமே திட்டத்தில் பூங்கா: அலைய வைத்த தானப்பத்திரம்

எங்கள் பூங்காவுக்குப் போன வாரம் பணி ஆணை வந்துவிட்டது. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசுடையது. எங்கள் பங்கை வீடு வீடாக வசூலித்தோம்; அதில் பெரிய சிரமமில்லை. உயிரை எடுத்தது இடத்தின் பத்திரம்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் இடம் அப்படி வந்ததுதான். ஆனால் நகராட்சியில் எழுத்தர் கோப்பைக்கூடப் புரட்டாமல், "பத்திரம் இங்க இல்லைங்க, மனை போட்டவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டார். மனை போட்டவர் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. பத்திரம் இல்லாமல் மதிப்பீடு போட முடியாது என்று பொறியியல் பிரிவு கையை விரித்தது. நகராட்சியின் சொத்துக்கு நாங்கள் ஏன் காகிதம் தேடி அலைய வேண்டும்? இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

கடைசியில் கைகொடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கக் காசு கிடையாது. ஒன்று கவனியுங்கள்: இப்போதைய உட்பிரிவு எண்ணைப் போட்டால் ஒன்றும் வராமல் போகலாம், எங்களுக்கு அப்படித்தான் ஆனது. மனை பிரிப்பதற்கு முந்தைய பழைய சர்வே எண்ணைப் போட்டதும், எழுதி வாங்கியவர் பெயரில் 'நகராட்சி ஆணையர்' என்று வந்து நின்றது! அந்த ஆவண எண்ணை வைத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினோம். இணைப்பு வரைபடத்தில் எங்கள் இடத்துக்குள் 'பூங்கா' என்று கையால் எழுதியிருந்தது. அதை எழுத்தர் மேசையில் வைத்தபோது மறுபேச்சு வரவில்லை.

அப்புறம் எங்கள் பங்குத் தொகைக்கான டிடி (வங்கி வரைவோலை). முதல் நாளே எடுத்துக் கொடுத்தால்தான் கோப்பு நகரும் என்றார்கள், கொடுத்தோம். டிடிக்கு ஆயுள் மூன்று மாதம்தான். கோப்பு தூங்கிய நேரத்தில் அது காலாவதியாகிவிட்டது. எடுத்த வங்கியிலேயே மனு கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம், பணம் எங்கும் போகாது. ஆனால் அதற்குள் மதிப்பீடு போடப் பயன்படுத்தும் அரசின் விலைவிகிதப் பட்டியல் மாறி மதிப்பீடு ஏறிவிட்டது. எங்கள் பங்கும் சேர்ந்து ஏறியது. மறுபடி வசூலுக்குப் போனபோது சிலர் முகத்தைச் சுளித்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் சொல்கிறேன்: மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி கிடைக்கும்வரை பணத்தைச் சங்கக் கணக்கிலேயே வைத்திருங்கள். முன்கூட்டியே கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் எந்தக் கடிதத்துக்கும் ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஒப்பந்தப்புள்ளி, மன்றத் தீர்மானம் எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. சுற்றுச்சுவருக்குக் கயிறு கட்டியாயிற்று. திட்டப் பணம் கட்டுமானத்துக்குத்தான். மோட்டாரின் மின்கட்டணமும் காவலாளி சம்பளமும் யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்டு இப்போதுதான் மனு கொடுத்திருக்கிறோம். நீங்கள் அதை முதல் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.