நெகட்டிவ் என்றால் இல்லை என்று அர்த்தமா?

"சளி டெஸ்ட்தான் நெகட்டிவ் வந்துடுச்சே, அப்புறம் ஏன் டாக்டர் மறுபடியும் சளி கொண்டுவரச் சொல்றாரு?" போன வாரம் எங்கள் லேபில் ஓர் அண்ணன் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். மூன்று வாரமாக இருமல், மாலையானால் காய்ச்சல், டிபியோ (காசநோய்) என்று சந்தேகம். கேட்டது நியாயம்தான்.

"சென்சிட்டிவிட்டி கம்மி" என்றால் அவருக்கு என்ன விளங்கும்? 'உணர்திறன்' என்றால் இன்னும் மோசம். அதனால் அரிசியில் கல் பொறுக்கும் கதையைச் சொன்னேன்.

முறத்தில் பத்துக் கல் கிடந்தால் எங்கள் ஆத்தா ஒன்பதை எடுத்துவிடும். நான் ஆறோடு எழுந்துவிடுவேன். ஆத்தாவின் சென்சிட்டிவிட்டி 90 சதவீதம், என்னுடையது 60. டிபி உள்ள பத்துப் பேர் வந்தால் டெஸ்ட் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பதும் இதே கணக்குதான். (என் தம்பி ஒரு கல்லையும் விடமாட்டான், ஆனால் கூடவே நல்ல அரிசியில் பாதியையும் எறிந்துவிடுவான். நல்ல அரிசியை நல்லதென்று விட்டுவைப்பது ஸ்பெசிபிசிட்டி, அது வேறு கணக்கு.)

மைக்ராஸ்கோப்பில் டிபி கிருமி நீலத் தரையில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். கார்பால் ஃபுக்சின் ஊற்றிச் சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, மெத்திலீன் புளூ போட்டால் வரும் நிறம். 100 ஃபீல்டு (லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு ஃபீல்டு) பார்த்த பிறகுதான் நெகட்டிவ் எழுதலாம். சாயங்காலம் கடைசி ஸ்லைடில் கண் எரியும், அது தனிக் கதை. ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் கீழே இருந்தால் நோய் இருந்தும் நெகட்டிவ். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினுக்கு (நாங்கள் சிபிநாட் என்போம்) சுமார் 130 போதும். அதிலேயே அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் (சளியை ஊற்றி மெஷினில் வைக்கும் டப்பி) என்றால் 16.

"அப்ப அந்த மெஷின் கண்டிப்பாப் புடிச்சிடும்?"

டப்பாவில் சளி இருந்தால்தானே! பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். முறத்தில் அரிசியே போடாமல் ஆத்தாவைக் கல் தேடச் சொன்ன மாதிரி.

அண்ணன் புது டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"காலையில காப்பி குடிச்சிட்டு எடுக்கலாமா?"

"வேண்டாண்ணே. வெறும் தண்ணியில வாயைக் கொப்பளிச்சிட்டு, மூச்சை நல்லா உள்ளே இழுத்து, அடி நெஞ்சிலேர்ந்து இருமித் துப்புங்க. காப்பி அப்புறம்."