அம்மம்மா சிரிக்கிறாரா, அழுகிறாரா?

கைத்தொலைபேசியோடு மகள் சமையலறைக்கு ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, அம்மம்மா அழுதுகொண்டே இருக்கிறாராம்!" டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் என் தங்கையோடு வசிக்கும் அம்மாவைத்தான் சொல்கிறாள். தங்கையின் மகள் அனுப்பிய செய்தியில் நான்கே சொற்கள்: "அம்மம்மா கிரீனர் ஹேலே தீடன்."

அடுப்பை அணைத்துவிட்டு உடனே அழைத்தேன். திரையில் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கையின் கடைக்குட்டி புட்டைக் கத்தியால் வெட்டி, முள்ளுக்கரண்டியால் குத்திச் சாப்பிடப் பார்த்தானாம்.

'கிரீனெ' என்றால் டேனிஷ் மொழியில் சிரிப்பது. நாங்கள் இருக்கும் நோர்வேயில் அழுவது. 'ஹேலே தீடன்' என்றால் எந்நேரமும். அந்தச் செய்தியோ இரண்டு மொழிகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். பல்லைக் காட்டி முகத்தைக் கோணுவதற்கு, இவ்விரண்டுக்கும் தாயான பழைய நோர்ஸ் மொழியில் இருந்த சொல் இது. சிரித்தாலும் அழுதாலும் முகம் கோணத்தான் செய்யும். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. 1814 வரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நோர்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கும் எழுத்து மொழியாக நிலைத்தது டேனிஷ்தான். அதனால் இன்றும் டேனிஷ் பத்திரிகையை நோர்வேக்காரர்கள் தடையின்றி வாசிப்பார்கள். சிக்கலே அங்குதான் இருக்கிறது. தெரியாத சொல்லென்றால் அகராதியைப் புரட்டலாம். தெரிந்த சொல்லை யார் போய்ப் பார்ப்பார்கள்?

தங்கை 'ஃப்ரூகொஸ்ட்' சாப்பிட வரச் சொன்னால் மத்தியானம் போக வேண்டும். என் வீட்டில் அது காலைச் சாப்பாடு. சுவீடனில் இருக்கும் அண்ணாவின் மகன் ஒரு கலியாணத்துக்குப் போய்வந்து, அது மிகவும் 'ரூலிக்' என்றான். சுவீடனில் அதற்குக் கலகலப்பு என்று பொருள். இங்கே அமைதி. "தவிலும் நாதஸ்வரமும் வைத்துவிட்டு எப்படியம்மா அமைதியாகக் கலியாணம் செய்தார்கள்?" என்று மகள் என்னிடம் கேட்டாள். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவளிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது! எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் தவில் சமா விடிய விடிய நடக்கும். பாயை விரித்து அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தபடியே கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவைதாம். எனக்கு ஆறாதது ஒன்றுதான். ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள் இவர்கள். சிரிப்பு, அழுகை என்ற சொற்கள் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். எங்களோடு நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் தங்களுக்குள் பேசவும் எழுதவும் தொடங்கினால் தமிழை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். அம்மம்மாவைப் பற்றிய செய்திகூட அவருக்கே புரியாத மொழியில் போகிறது. அன்று மகள் அழுத அழுகை எனக்கு இன்னும் வலிக்கிறது.

எனக்கு இந்த நாடு பழகிவிட்டது. பனியில் வழுக்காமல் நடக்கிறேன். வேலையிடத்தில் அவர்களுடைய மொழியிலேயே வாதாடுகிறேன். ஆனாலும் யாராவது 'தா தெ ரூலிக்', அவசரப்படாதே, என்று சொன்னால் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து அம்மா கூப்பிடுவதுதான் நினைவில் எழுகிறது: "ஆறுதலாக வா, பிள்ளை." மழைக்கு முன் வீடு சேர நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவேன். ஒழுங்கை முழுக்கச் செம்மண் வாசம் எழும்பியிருக்கும். பிறகு சென்னையில் இருந்த காலத்தில், படியிறங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் "ஆறுதலாக வாருங்கள்" என்றேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிவிட்டார். அங்கே ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது.

வரும் கோடை விடுமுறைக்கு மூன்று குடும்பங்களும் ஒஸ்லோவில் கூடுகிறோம். அம்மாவும் வருகிறார். அவர் இருக்கும் நாட்களில் பிள்ளைகள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும் என்று தங்கையும் நானும் முடிவெடுத்துவிட்டோம். வற்புறுத்தினால் வெறுப்புத்தான் வரும் என்று அண்ணா மறுக்கிறார். அவரோடு சண்டை பிடிக்க நான் தயார்.