போட்டோவைப் பார்த்துவிட்டு மார்க்கரை எடுங்கள்

திருவல்லிக்கேணியில் ஒரு கலர் லேபில் வேலை பார்க்கிறேன். சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தூரம். அதனால், வீரர்களிடம் ஆட்டோகிராஃப் வாங்க படம் பிரிண்ட் போட வரும் பையன்கள் நிறைய. "அண்ணா, எந்தக் கலர் மார்க்கர் வாங்கட்டும்?" என்று கேட்பார்கள். முதலில் படத்தைக் காட்டு, கையெழுத்து எந்த இடத்தில் விழணும்னு சொல்லு என்பேன்.

ஷார்ப்பி மாதிரியான சாதாரண பெர்மனன்ட் மார்க்கரின் மை, ஒளி ஊடுருவும் சாயம். வண்ணக் கண்ணாடித் தாளைப் போல அது படத்தின் மேல் படிகிறது. அடியில் இருக்கும் நிறமும் சேர்ந்தேதான் கண்ணுக்குத் தெரியும். பெயின்ட் மார்க்கர் அப்படியில்லை, அடியில் இருப்பதை மூடிவிடும். கலர் தேர்வு முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வெள்ளை உடைப் படம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நீலம். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், லார்ட்ஸில், வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஸ்ரீகாந்த் ஒரு முழங்காலை ஊன்றி அடித்த ஸ்கொயர் டிரைவ் ஞாபகம் இருக்கிறதா? அன்று அவர் எடுத்த 38தான் இரண்டு அணியிலும் சேர்த்து அதிகபட்ச ஸ்கோர். அப்போது ஒருநாள் ஆட்டத்துக்கும் வெள்ளைதான். அப்படி ஒரு படத்தில், சட்டைக்கும் பேடுக்கும் குறுக்காக நீலக் கையெழுத்து விழுந்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்!

கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நீலம் இன்னும் முக்கியம். 1975 ஜனவரியில் இதே சேப்பாக்கத்தில், அதே ராபர்ட்ஸ் 7 விக்கெட் சாய்த்த இன்னிங்ஸில், இந்தியா எடுத்த மொத்தம் 190 ரன்னில் விஸ்வநாத் மட்டும் 97 நாட் அவுட். அந்தக் காலத்துப் படம் ஒன்றில் கறுப்பு மார்க்கரால் கையெழுத்து வாங்கினால், தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது படத்தோடு அச்சானது போலத்தான் தோன்றும். நீலம் என்றால், ஒரு மனிதர் கையால் போட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் இந்தியாவின் ஒருநாள் ஜெர்சியே நீலம். 2011 ஏப்ரல் 2, வான்கடேயில் தோனி சிக்ஸர் அடித்து முடித்த அந்த இரவுப் படங்களைப் பாருங்கள். நீல ஜெர்சி, பின்னால் இருட்டு. அங்கே நீலமும் கறுப்பும் முழுகிப்போகும். வெள்ளி நிற மார்க்கர்தான் எடுபடும். ஆனால் வெள்ளி, வெளிச்சமான இடத்தில் விழுந்தால் காணாமல் போகும். படத்தில் புல்தரை வரும் இடத்தில் விழுந்தால், படத்தை ஒரு பக்கம் சாய்க்கும்போது மின்னும், நேராகப் பிடித்தால் மங்கும். மெரூன் தொப்பி, மெரூன் ஜெர்சி வரும் வெஸ்ட் இண்டீஸ் படங்களுக்குத் தங்க நிறப் பெயின்ட் மார்க்கர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, நம்ம ஊர் மஞ்சள்? சிஎஸ்கே ஜெர்சிமேல் நீலம் போட்டால் மஞ்சளோடு கலந்து பச்சையடித்துத் தெரியும். அதற்குக் கறுப்புதான். பச்சை மார்க்கர் வேண்டவே வேண்டாம்; புல்லோடு புல்லாகிவிடும். அது கெஜட்டட் ஆபீசர்களிடமே இருக்கட்டும். சிவப்பும் வேண்டாம், சீக்கிரம் வெளுத்துவிடும்.

பளபளப்பான பேப்பரில் பால்பாயின்ட் வழுக்கும், அழுத்தினால் பள்ளம் விழும். ஜெல் பேனா காயாமல் கையோடு இழுத்துக்கொண்டு வரும். புதுப் பிரிண்டில் விரல் எண்ணெய் பட்டிருந்தால் மார்க்கர் மைகூடத் திட்டுத்திட்டாக விட்டுப்போகும். அதனால் கிளம்பும் முன் மெல்லிய பருத்தித் துணியால் படத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள். பெயின்ட் மார்க்கரை நன்றாகக் குலுக்கி, ஒரு தாளில் முனையை அழுத்தி, பெயின்ட் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீரர் உங்கள் முன் நிற்பது சில நொடிதான், அப்போது குலுக்கிக்கொண்டிருக்க முடியாது. மூடியைக் கழற்றியே நீட்டுங்கள்.

இன்னொன்று. காலியாகக் கண்ணில் படும் இடத்தில்தான் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இருட்டான பக்கத்தை ஒரு அட்டையால் மறைத்துப் பிடித்தால், பேனா தானாக வெளிச்சமான இடத்துக்கு வரும். பிரிண்ட் போடும்போதே இதை யோசித்துவிடுவது இன்னும் நல்லது. வீரரை ஓரமாக வைத்து, மறுபக்கம் வானமோ வெளிறிய தரையோ வருகிற மாதிரி கிராப் பண்ணித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், வாங்கிய பிறகு. மை நன்றாகக் காயும்வரை அதன் மேல் எதையும் வைக்காதீர்கள். பிவிசி உறைகள் நாளடைவில் மையை ஒட்டி இழுத்துவிடும். பாலிப்ரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் கறுப்பு மைகூடப் பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறிப்போகும், ஏனென்றால் அந்தக் கறுப்பு பல சாயங்களின் கலவை, எல்லாம் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போடக் கொண்டுவருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்தச் சூட்டையும் பசையையும் பிறகு திரும்ப எடுக்கவே முடியாது. சுவரில் பார்க்க ஆசை என்றால் ஸ்கேன் எடுத்து ஒரு நகலை மாட்டுங்கள். அசல் பீரோவில் இருக்கட்டும்.