ஹார்னிமன் குடும்பத்து ஆவணங்களை வைத்து ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

அருங்காட்சியகவியல் முதுகலை ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, லண்டன் ஃபாரஸ்ட் ஹில்லில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய குடும்பம். இதே வழியில் வர நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

"குடும்ப ஆவணங்கள்" என்று ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அப்பா ஜான் ஹார்னிமன் 1826இல் தேயிலை வியாபாரம் தொடங்கியவர். கலப்படத் தேயிலை மலிந்திருந்த காலத்தில், முத்திரையிட்ட பொட்டலத்தில் விற்றுப் பெயர் வாங்கினார். மகன் ஃபிரெடரிக் பல ஊர்களிலிருந்தும் பொருள் சேர்த்து, 1890இல் தன் வீட்டையே மக்களுக்குத் திறந்துவிட்டார். அப்புறம் புதுக் கட்டடம் எழுப்பி, 1901இல் லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கு (அன்றைய லண்டன் நகர நிர்வாக மன்றம்) கொடுத்துவிட்டார். அதனால் 1901க்குப் பிறகு கதை கவுன்சில் கோப்புகளுக்குள் போய்விடுகிறது. அவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் (The London Archives; 2024 வரை லண்டன் பெருநகர ஆவணக் காப்பகம் என்று பெயர்) இருக்கின்றன. எந்த ஆண்டைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்த பிறகே காப்பகத்துக்கு எழுதுங்கள்.

குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மரபு. அவர்கள் பதிவேடுகளில் ஜூன், ஜூலை என்று இருக்காது. "6ஆம் மாதம்" என்றுதான் இருக்கும். ஃபிரெடரிக் காலத்துக்கு அது ஜூன். 1752க்கு முந்தைய பதிவாக இருந்தால் மார்ச்தான் முதல் மாதம், கணக்கு மாறிவிடும். வம்சாவளி வரைகிறவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

"ஒன்று இந்தச் சாமான்கள் வெளியே போக வேண்டும், இல்லை நாம் போக வேண்டும்" என்று ஃபிரெடரிக்கின் மனைவி ரெபெக்கா சொன்னதாக ஒரு கதை எல்லா இடத்திலும் வரும். சுவையான கதைதான். ஆனால் முதன்முதலில் அதை எழுதியது யார், எந்த ஆண்டில் என்று தேடாமல் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். என் வழிகாட்டி ஓரத்தில் எழுதியதும் அதே கேள்வியைத்தான்.

எனக்குப் பிடித்தவை அருங்காட்சியகப் பொருள்களின் பதிவேடுகள். எண், பொருள், ஊர், யாரிடமிருந்து வந்தது என்ற நான்கு விவரங்களையும் பாருங்கள். கடைசி இடம் காலியாக இருந்தால் அங்கேதான் ஆய்வுக் கேள்வி இருக்கிறது. ஃபிரெடரிக் இலங்கைக்கும் போனவர் என்பதால், நம் பக்கத்துப் பொருள்களை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம்.

1881 மக்கள் கணக்கெடுப்பின் எழுத்துப்படி இணையத்தில் இலவசம். வீட்டில் யார் யார், எத்தனை வேலைக்காரர்கள் என்பது அதில் தெரியும். வாசிப்பறைக்குப் பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.