சட்டம் வந்த பிறகும் நிறவெறி ஏன் போகவில்லை?

நிறவெறி அறியாமையால் வருவது, படித்தால் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அதைக் கட்டி எழுப்பியதே படித்தவர்கள்தான். 1662இல், இன்றைய அமெரிக்காவில் ஆங்கிலேயர் ஆண்ட வர்ஜீனியா காலனியில், தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் போட்டார்கள். தகப்பன் வெள்ளை முதலாளியாகவே இருந்தாலும் அந்தக் குழந்தை அவருக்கு வெறும் சொத்து. முதலில் லாபம், நியாயம் அப்புறம். 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் மனிதர்களை நிறவாரியாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தை ஒட்டிவைத்தபோது அதற்கு அறிவியல் முகமும் கிடைத்தது.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் சிவப்பில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்றது. கடன் இல்லாததால் சொந்த வீடு இல்லை, பிள்ளைகளுக்கு விட்டுப்போகச் சொத்தும் இல்லை. அங்கே பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்துவரியிலிருந்து வருவதால் (இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை) பள்ளிகளும் நலிந்தன. 1968இல் வீட்டு விற்பனையில் பாகுபாடு காட்டுவதைச் சட்டம் தடை செய்தது. அதுவரை சேராமல் போன சொத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? இன்று அதே தெருவைப் பார்த்து 'இவர்கள் உழைக்காதவர்கள்' என்று சொல்கிறவர், வெறுப்போடு பேசுவதாக நினைப்பதே இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்வதாகத்தான் நினைக்கிறார்.