தங்கச்சியின் போனில் நகரும் புள்ளி

காசிமேட்டில் மீன் வாங்கப் போன தங்கச்சிக்குக் கணவரிடமிருந்து போன்: "அங்க அரை மணி நேரமா என்ன பண்ற?" கல்யாணமான புதிதில், பாதுகாப்புக்கு என்று அவரே அவள் போனில் லொக்கேஷன் பகிர்வைப் போட்டிருக்கிறார். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டார் மட்டுமல்ல. ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும், போன் எந்த டவரோடு இணைகிறது என்பதை வைத்து நெட்வொர்க் நிறுவனத்துக்கு நம் இடம் ஏறக்குறைய தெரியும். அமெரிக்காவில் அந்த விவரத்தை வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் இடைத்தரகர்களுக்குக் கொடுத்ததற்காக, 2024-ல் பெரிய நிறுவனங்களுக்குச் சுமார் 20 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். இங்கே உச்ச நீதிமன்றம் 2017-லேயே அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது.

சரி, அணைத்துவிடலாம் என்று தண்டையார்பேட்டை வீட்டில் அவள் போனைக் கையில் எடுத்தேன். தடுத்தாள். "வேணாம்க்கா, அணைச்சா அதுவும் அவருக்குத் தெரிஞ்சிடும்."